திறக்குறதுக்கு முன்னாடி: பழைய ஸ்லாட் கார்களும் அதுங்களோட மோட்டார்களும்

இந்த எபிசோடுல ஸ்லாட் கார் பத்திப் பேசப்போறேன். 1950, 60கள்ல வந்த பழைய ஸ்லாட் கார், அதுக்குள்ள உட்கார்ந்திருக்கிற கட்டைவிரல் அளவு மோட்டார், அறுபது வருஷம் கழிச்சு அதைத் திரும்ப ஓட வைக்கிறது எப்படி. இதான் விஷயம்.

"ரிமோட் காரா?"ன்னு கேட்பீங்க. இல்ல. ரிமோட் காருக்குள்ள பேட்டரி இருக்கும், ஸ்டீயரிங் இருக்கும். ஸ்லாட் கார்ல ரெண்டும் கிடையாது. ட்ராக்ல ஒரு நீளமான பள்ளம் ஓடும், அதுதான் ஸ்லாட். பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் உலோகப் பட்டை, அதுல கரண்ட். காருக்கு அடியில ஒரு சின்ன நாக்கு மாதிரி இருக்கிறது பள்ளத்துக்குள்ள இறங்கிக்கும். அதுக்குப் பக்கத்துல பின்னின செம்புக் கம்பி ரெண்டு, பட்டையைத் தொட்டுக்கிட்டே போகும். கரண்ட் அது வழியா மோட்டாருக்கு ஏறும், பெரும்பாலும் 12 வோல்ட். உங்க கையில இருக்கிற கன்ட்ரோலர் வேகத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். ஸ்ட்ரெய்ட்ல முழுசா அழுத்தலாம். வளைவு வர்றதுக்கு முன்னாடி விடணும். கொஞ்சம் லேட்டா விட்டா கார் பள்ளத்தை விட்டு எகிறிப் போய் சோபாவுக்கு அடியில கிடக்கும். கேட்க ரொம்ப சிம்பிளா இருக்கு இல்ல? பத்து நிமிஷம் விளையாடிப் பாருங்க, கை வேர்க்கும்.

வரலாறைச் சுருக்கமா சொல்லிடறேன். இங்கிலாந்துல ஃப்ரெட் ஃப்ரான்சிஸ்னு ஒருத்தர் மினிமாடல்ஸ்னு ஒரு கம்பெனி நடத்தினார். தகரத்துல, ஸ்பிரிங்ல ஓடுற பொம்மைக் கார்கள் பண்ணார், அதுக்குப் பேரு ஸ்கேலக்ஸ். அதுக்குள்ள எலக்ட்ரிக் மோட்டாரை வெச்சு, பேரையும் ஒட்டி, ஸ்கேலக்ஸ்ட்ரிக் ஆக்கினார். 1957ல ஹாரோகேட்ல நடந்த பொம்மைக் கண்காட்சியில அது வெளிவந்துச்சு. அடுத்த வருஷமே கம்பெனியை லைன்ஸ் பிரதர்ஸ்ங்கற பெரிய பொம்மை நிறுவனத்துக்கு வித்துட்டார். 1960ல தகரம் போய் பிளாஸ்டிக் பாடி வந்துச்சு.

அமெரிக்காவுல கதை வேற மாதிரி. வீட்டு மேஜைக்கு அரோரா கம்பெனியோட ரொம்பக் குட்டியான கார்கள். டெரெக் பிராண்டுங்கற இன்ஜினியரோட டிசைன். 1963ல வந்த தண்டர்ஜெட்ல மோட்டார் தோசை மாதிரி தட்டையா, படுத்துக்கிட்டு சுத்தும். இன்னொரு பக்கம், கடைகள்ல பெரிய பெரிய ட்ராக் போட்டு, மணிக்கணக்குல வாடகைக்கு ஓட்ட விடுற மையங்கள் ஊர் ஊரா வந்துச்சு. அங்க 1/24 அளவு கார்கள் ஓடுச்சு. காக்ஸ், மோனோகிராம், ரெவெல், ஸ்ட்ராம்பெக்கர் எல்லாரும் கிட் வித்தாங்க. அதுல பல கார்களுக்குள்ள ஜப்பானோட மபூச்சி மோட்டார். 60களோட கடைசியில அந்த அலை அடங்கிடுச்சு, ட்ராக்குகள் மூடப்பட்டுச்சு. கார்கள் பரணுக்குப் போச்சு. இப்ப நம்ம கைக்கு வர்றது அந்தப் பரண்ல இருந்து இறங்கினது.

சரி, ஒரு கார் கைக்கு வருது. ஓடல. முதல்ல என்ன பண்ணுவீங்க? ஸ்க்ரூ டிரைவரை எடுப்பீங்க. எல்லாரும் அதைத்தான் எடுப்பாங்க. இந்த எபிசோடுல நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: அதைக் கீழ வைங்க. பழைய மோட்டார்கள்ல ஒரு வகையைச் சும்மா கழட்டிட்டுத் திரும்ப அப்படியே மாட்டினாலே போதும், அது பாதி செத்துடும். எதையும் உடைச்சிருக்க மாட்டீங்க, எதையும் தொலைச்சிருக்க மாட்டீங்க. ஆனாலும் பழைய மோட்டார் திரும்பி வராது.

ஏன்னு புரியணும்னா மோட்டாருக்குள்ள போகணும். நடுவுல ஒரு தண்டு, அதுல மூணு கை வெச்ச இரும்பு, ஒவ்வொரு கையிலயும் செம்புக் கம்பிச் சுத்து. இது மொத்தமும் ஆர்மேச்சர். தண்டோட ஒரு முனையில மூணு துண்டா வெட்டின செம்பு வளையம் இருக்கும், அது கம்யூட்டேட்டர். அதை ரெண்டு கார்பன் பிரஷ் உரசிக்கிட்டே இருக்கும். நம்ம வீட்டு மிக்ஸியில தேய்ஞ்சு போச்சுன்னு மாத்துவோமே, அதே கார்பன் பிரஷ்தான், சைஸ் மட்டும் அரிசி மாதிரி. ஆர்மேச்சர் சுத்தச் சுத்த, எந்தக் காயிலுக்குக் கரண்ட் போகணும்ங்கறதை கம்யூட்டேட்டர் மாத்திக்கிட்டே இருக்கும். வெளிய நிரந்தரக் காந்தம். காந்தமும் காயிலும் இழுத்து, தள்ளி, தண்டு சுத்துது.

இந்தக் காந்தத்துலதான் எல்லாமே இருக்கு. 60கள்ல ரெண்டு குடும்பம் இருந்துச்சு. ஒண்ணு, மபூச்சி மாதிரி டப்பா மோட்டார். தகர டப்பாவுக்குள்ள வளைஞ்ச ரெண்டு ஃபெரைட் காந்தம், அதாவது பீங்கான் மாதிரி கறுப்பா இருக்கிறது. இது முரட்டுப் பிள்ளை. கழட்டலாம், மாட்டலாம், பெருசா கோவிச்சுக்காது. இன்னொண்ணு திறந்த சட்டம் வெச்ச மோட்டார். அமெரிக்காவோட பிட்மேன் மோட்டார்கள், ஸ்கேலக்ஸ்ட்ரிக்கோட பழைய ஆர்.எக்ஸ். மோட்டார் எல்லாம் இந்த வகை. காயில் சுத்துறது வெளிய இருந்தே தெரியும். இதுல இருக்கிறது ஆல்னிகோ காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட், அதோட இரும்பு சேர்ந்த கலவை. நல்ல பலமான காந்தம்தான். ஆனா ஒரு பலவீனம்: தன் காந்தப் புலம் ஒரு துருவத்துல இருந்து இன்னொரு துருவத்துக்குப் போக இரும்புப் பாதை இருக்கிற வரைக்கும்தான் அது அப்படியே நிற்கும். மோட்டாருக்குள்ள அந்தப் பாதை எது? ஆர்மேச்சரோட இரும்பு. ஆர்மேச்சரை வெளிய உருவின அடுத்த நொடி பாதை அறுந்துடுது. புலம் காத்துல தாண்டிப் போக வேண்டியிருக்கு, காந்தம் தன்னைத்தானே கொஞ்சம் அழிச்சுக்குது. திரும்ப ஆர்மேச்சரை உள்ள வெச்சாலும் பழைய பலம் வராது. அதைத் திரும்பக் காந்தமாக்க, பெரிய கெப்பாசிட்டர்கள்ல சேர்த்து வெச்ச கரண்ட்டை ஒரே அடியா ஒரு காயில்ல பாய்ச்சுற மெஷின் வேணும். எல்லார் வீட்லயும் இருக்கிற பொருள் இல்ல.

காந்தம் பலவீனமாச்சுன்னா எப்படித் தெரியும்? மெதுவா ஓடும்னு நினைப்பீங்க. தலைகீழ். கையில பிடிச்சுக்கிட்டு 12 வோல்ட் கொடுத்தா முன்னைவிட வேகமாச் சுத்தும். இந்தச் சத்தத்தைக் கேளுங்க.

[மோட்டார் ஓடும் சத்தம், இரண்டு முறை]

ரெண்டாவது கேட்டது கொசு மாதிரி கீச்சுன்னு இருந்துச்சு இல்ல? அதுதான் பலவீனமான காந்தம். விக்கிறவங்க சில பேர் இதைக் காட்டி "பாருங்க, என்னா ஸ்பீடு"ன்னு சொல்வாங்க. நம்பாதீங்க. ட்ராக்ல வெச்சா அது கிளம்பவே கஷ்டப்படும், ரெண்டு சுத்துல கொதிக்கும்.

இதுக்குக் காரணம் ரொம்ப அழகானது. சைக்கிள் டைனமோ தெரியும். சுத்தினா கரண்ட் வரும். நம்ம மோட்டாரும் சுத்தும்போது ஒரு டைனமோதான். தனக்கு வர்ற 12 வோல்ட்டை எதிர்த்து அதுவே ஒரு வோல்டேஜ் உண்டாக்கும். வேகம் ஏற ஏற அந்த எதிர்ப்பும் ஏறும். எதிர்ப்பு கிட்டத்தட்ட 12 வோல்ட்டைத் தொடும்போது இதுக்கு மேல வேகம் ஏறாது. இப்ப காந்தம் பலவீனமா இருந்தா, அதே எதிர்ப்பை உண்டாக்க இன்னும் வேகமாச் சுத்தியாகணும். அதனாலதான் அந்தக் கீச்சு. ஆனா இழுக்கிற பலம் காந்தத்தோட பலத்தைப் பொறுத்தது. அது குறைஞ்சு போச்சு. அதே இழுவைக்கு அதிகக் கரண்ட் குடிக்கும், சூடாகும்.

இதே கணக்குல இன்னொரு விஷயமும் புரிஞ்சிடும். மோட்டார் சுத்தாம மாட்டிக்கிச்சுன்னா எதிர்ப்பு பூஜ்யம். 6 ஓம் காயில், 12 வோல்ட், அப்ப 2 ஆம்பியர் ஓடும். 24 வாட், அத்தனையும் சூடு. ஒரு குட்டி சால்டரிங் அயர்ன் அளவு சூடு அந்தக் கட்டைவிரல் சைஸ் மோட்டாருக்குள்ள. பரண்ல கிடந்த காரை எடுத்ததும் 12 வோல்ட் கொடுக்காதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான். எண்ணெய் காய்ஞ்சு பசையாகி தண்டு இறுகிப் போயிருக்கும், சுத்தாது, நீங்க "ஏன் ஓடல"ன்னு அழுத்திக்கிட்டே இருப்பீங்க, உள்ள எனாமல் கருகும். அதே மாதிரி, பெட்டியோட வந்த பழைய பவர் பேக்கையும் ப்ளக்ல சொருகாதீங்க. இங்கிலாந்து வோல்டேஜும் நம்ம வோல்டேஜும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், சொருகத் தோணும். ஆனா உள்ள இருக்கிற இன்சுலேஷனுக்கு அறுபது வயசு. அந்தக் காலப் பவர் பேக் பலதுல செலினியம் ரெக்டிஃபையர் இருக்கும், அது கருகினா வர்ற புகை நாத்தம் மட்டும் இல்ல, விஷமும்கூட. அதை அலமாரியில அழகுக்கு வைங்க. ஓட்டுறதுக்கு, வோல்ட்டையும் ஆம்பியரையும் கட்டுப்படுத்துற ஒரு பெஞ்ச் சப்ளை வாங்கிக்கோங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும்.

இப்ப என் மேஜைக்கு வந்த ஒரு கார். எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் அக்கா கொண்டுவந்தாங்க. அவங்க அப்பாவும் டாக்டர். 60கள்ல இங்கிலாந்துல வேலை பார்த்துட்டு ஊருக்குத் திரும்பும்போது ஒரு ஸ்கேலக்ஸ்ட்ரிக் பெட்டி வாங்கிட்டு வந்திருக்கார். அதுல ட்ராக் துண்டுகள், ரெண்டு கார். ஒரு கார் என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியல. மிச்சம் இருக்கிறது டி-டைப் ஜாகுவார், 1/32, உள்ளங்கை நீளம், பச்சை. அப்பாவுக்கு இப்ப 88 வயசு, வெளிய போறது குறைஞ்சு போச்சு. அக்கா சொன்னது ரெண்டே விஷயம்: "ஓடினா நல்லா இருக்கும் தம்பி. ஆனா உள்ள எதையும் மாத்திடாத. அது அவரு கை வெச்ச வண்டி."

இந்த ரெண்டு ஆசையும் ஒண்ணோட ஒண்ணு மோதுறது சகஜம். ரெஸ்டோரேஷன்னு சொல்றதுல பாதி இந்தச் சண்டைதான். புது மோட்டார் போட்டா நாளைக்கே ஓடும். ஆனா ஓடுறது வேற வண்டி.

ஆர்.எக்ஸ். மோட்டார்னு பார்த்ததும் கழட்டுற பேச்சே இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன். வெளிய இருந்து என்னென்ன தெரிஞ்சுக்க முடியும்னு மட்டும் பார்த்தேன். முதல்ல தண்டை விரலால சுத்திப் பார்க்கிறது. இறுக்கமா இருந்துச்சு. பேரிங் ரெண்டுக்கும் ஊசி முனையில ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விட்டுட்டேன். கம்யூட்டேட்டர் பக்கம் எண்ணெய் போகக் கூடாது. கார்பன் தூளோட சேர்ந்து சேறாகிடும். காலையில தண்டு லேசாச் சுத்துச்சு. சுத்தும்போது ஆறு இடத்துல நின்னு நின்னு போற மாதிரி விரலுக்குத் தெரியும், அந்தத் தடுமாற்றம் நல்ல சேதி. காந்தத்துக்கு இன்னும் பலம் இருக்குன்னு அர்த்தம்.

அப்புறம் 3 வோல்ட். கரண்ட் 1 ஆம்பியருக்கு மேல போகாதபடி வெச்சுக்கிட்டுக் கொடுத்தேன். தானாக் கிளம்பல. விரலால தள்ளினா ஓடுச்சு, விக்கி விக்கி, பிரஷ் பக்கம் நீலமா பொறி பறந்துச்சு.

மூணு காயில் மோட்டார் இப்படி விக்கினா மல்டிமீட்டரை எடுங்க. திறந்த சட்டம் வெச்ச மோட்டார்ல ஒரு வசதி, கம்யூட்டேட்டர் வெளிய தெரியும். பிரஷ்ஷை மெதுவாத் தூக்கி வெச்சுட்டு, மூணு துண்டுல ரெண்டு ரெண்டா தொட்டுப் பார்க்கலாம். மூணு ரீடிங். மூணு காயிலும் முக்கோணமா இணைஞ்சிருக்குங்கறதை மனசுல வெச்சுக்கோங்க. எந்த ரெண்டு மூலையைத் தொட்டாலும் கரண்ட்டுக்கு ரெண்டு வழி: நேரா ஒரு காயில், சுத்திக்கிட்டு ரெண்டு காயில். ஒரு காயில் 9 ஓம்னா, 9ம் 18ம் பக்கம் பக்கமா, மொத்தம் 6 ஓம். மோட்டார் நல்லா இருந்தா மூணு ரீடிங்கும் 6, 6, 6.

எனக்கு வந்தது 9, 9, 18.

இதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிடுச்சு. ஏன்னா இது ரொம்பத் தெளிவான பேச்சு. ஒரு காயில் அறுந்திருந்தா முக்கோணத்துல ஒரு பக்கம் இல்ல. அறுந்த பக்கத்தோட ரெண்டு மூலையைத் தொட்டா சுத்து வழி மட்டும்தான், 18. மத்த ரெண்டு பக்கமும் நேர் வழி மட்டும், 9. கருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தா ரீடிங் குறைஞ்சிருக்கும், அது மோசம், மொத்தமா திரும்பச் சுத்தணும். இது அறுந்தது மட்டும். அறுந்த இடம் எங்கன்னுதான் கேள்வி. காயிலோட நடுவுல அறுறது அபூர்வம். கம்பி வந்து கம்யூட்டேட்டரோட காதுல சால்டர் ஆகுற இடத்துலதான் அறும், அங்கதான் அதிர்வும் சூடும் அதிகம்.

லூப் கண்ணாடி வெச்சுப் பார்த்தேன். ஒரு காதுல பச்சைப் பாசி மாதிரி செம்புத் துரு. கம்பி அதுக்கு அரை மில்லிமீட்டர் முன்னாடி நின்னுச்சு. முடியை விட கொஞ்சம் தடிமன். அதை ஊசியால நிமிர்த்தி, பிளேடு முனையால எனாமலைச் சுரண்டி, செம்பு பளபளன்னு வந்ததும் ரோசின் ஃப்ளக்ஸ் தொட்டு, கூர்முனை சால்டரிங் அயர்னால ஒரு நொடி. ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம், அது மிச்சம் இருக்கிற இடத்துல இருந்து வருஷக்கணக்கா அரிச்சுக்கிட்டே இருக்கும். சால்டர் பொட்டு சின்னதா இருக்கணும். பெருசா இருந்தா அந்தப் பக்கம் கனம் கூடி மோட்டார் நடுங்கும். திரும்ப மீட்டர் வெச்சேன். 6, 6, 6. ஆர்மேச்சர் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்ல.

கம்யூட்டேட்டர்ல கறுப்பா ஒரு கோடு எரிஞ்சிருந்துச்சு, அந்தப் பொறியால வந்தது. மரக்குச்சியில துணி சுத்தி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்சுத் துடைச்சா போதும். துண்டுகளுக்கு நடுவுல இருக்கிற இடுக்குல அடைஞ்ச கார்பன் தூளைப் பல் குத்துற குச்சியால எடுக்கணும். எமரி பேப்பர் போடாதீங்க, அந்தத் துகள் உள்ள தங்கி பிரஷ்ஷைத் தின்னும்.

எல்லா மோட்டாரும் இப்படிச் சுலபமா விட்டுடாது. கருகிப்போனது வந்தா ரீவைண்டிங்தான், நம்ம ஊர்ல காயில் கட்டுறதுன்னு சொல்லுவோமே, அதான். ஃபேனுக்கும் பம்ப் செட்டுக்கும் கட்டுற கடை தெருவுக்குத் தெரு இருக்கு. ஆனா இந்த சைஸுக்கு அவங்க உட்கார மாட்டாங்க, நாமதான் உட்காரணும். ஆல்னிகோ மோட்டாரா இருந்தா ஆர்மேச்சரை உருவுறதுக்கு முன்னாடி காந்தத்தோட ரெண்டு துருவத்துக்கும் பாலமா ஒரு தடிமனான மெல்லிரும்புத் துண்டை ஒட்டிடணும். கீப்பர்னு பேரு. திரும்ப ஆர்மேச்சர் உள்ள போய் உட்கார்ந்த பிறகுதான் அதை எடுக்கணும். பலம் கொஞ்சம் போகலாம், மொத்தமாப் போகாது.

பழைய கம்பியைப் பிரிக்கும்போது சுத்துகளை எண்ணுங்க. எந்தப் பக்கமா சுத்தியிருக்குன்னு படம் எடுத்துக்கோங்க. கம்பித் தடிமனை மைக்ரோமீட்டர்ல அளங்க. இங்க நம்ம ஊர்க்காரங்களுக்குன்னு ஒரு பொறி இருக்கு. அமெரிக்க ஸ்லாட் கார் ஆட்கள் "30 கேஜ்"னு சொன்னா அது ஏ.டபிள்யூ.ஜி., 0.255 மில்லிமீட்டர். நீங்க கடையில போய் 30 கேஜ் எனாமல் கம்பி கேட்டா கிடைக்கிறது எஸ்.டபிள்யூ.ஜி., அது 0.315 மில்லிமீட்டர். குறுக்குப் பரப்புல ஒண்ணரை மடங்கு அதிகம். அத்தனை சுத்தும் அந்த இடத்துல உட்காரவே உட்காராது. நீங்க கேட்க வேண்டியது 33. கேஜை மறந்துட்டு மில்லிமீட்டர்ல கேளுங்க, அதுதான் நிம்மதி.

60கள்ல அமெரிக்க ரேஸ்காரங்க இதையே ஒரு போதையா பண்ணாங்க. சுத்தைக் குறைச்சு, கம்பியைத் தடிமனாக்கிக் கட்டினா மோட்டார் பறக்கும். சுத்தைப் பாதியாக்கி, கம்பியோட குறுக்குப் பரப்பை இரட்டிப்பாக்கினா, சுமையில்லாத வேகம் ரெண்டு மடங்கு. ஆனா ரெசிஸ்டன்ஸ் கால்வாசி, நின்னுபோனா ஓடுற கரண்ட் நாலு மடங்கு. வேகத்துல காயில் பிய்ஞ்சு வெளிய பறக்காம இருக்க எபாக்ஸி பூசினாங்க. எவ்வளவு விசைன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 20,000 சுத்து, நடுவுல இருந்து 7 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிற கம்பி, புவியீர்ப்பு மாதிரி 3,100 மடங்கு வெளிய இழுக்கப்படுது. ஒரு கிராம் கம்பி மூணு கிலோ கனக்கும். அதனால பேலன்ஸும் முக்கியம். அதுக்குப் பெரிய மெஷின் வேண்டாம். ரெண்டு ரேஸர் பிளேடை மட்டமா, இணையா நிக்க வெச்சு, தண்டோட ரெண்டு முனையையும் அது மேல வைங்க. கனமான கை மெதுவா உருண்டு கீழ வந்து நிக்கும். அந்தக் கையோட இரும்புல ஒரு துளி அளவு குழி போட்டுட்டுத் திரும்ப வைங்க. எங்க விட்டாலும் அங்கேயே நிக்கிற வரைக்கும்.

ஆனா என் கருத்தைச் சொல்லிடறேன். பழைய மோட்டாரை இப்படி வேகமாக்கிக் கட்டுறது எனக்குப் பிடிக்காது. வேகம் வேணும்னா இன்னைக்கு வர்ற மோட்டார்ல கட்டுங்க, சேஸியையும் பித்தளைக் குழாயும் பியானோ கம்பியும் வெச்சு நீங்களே சால்டர் பண்ணிக் கட்டுங்க, அது தனி சுகம். பழசை அதோட பழைய சுத்து எண்ணிக்கையிலயே கட்டுங்க. எடுத்த கம்பியை ஒரு கவர்ல போட்டு, எத்தனை சுத்துன்னு எழுதி, காரோட பெட்டியிலயே வைங்க. அடுத்து கைக்கு வாங்குறவங்களுக்கு உண்மை தெரியணும்.

பாடி, பெயின்ட் பத்தி ரொம்பப் பேச ஒண்ணும் இல்ல. வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு, மெல்லிய பிரஷ். நம்பர் ஸ்டிக்கர் மேல தேய்க்காதீங்க. திரும்பப் பெயின்ட் அடிக்கவே அடிக்காதீங்க. அடிச்ச பெயின்ட்டைப் பின்னால எடுக்கும்போது பிளாஸ்டிக்கும் சேர்ந்து வரும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பழைய ரப்பர் டயர் பிளாஸ்டிக் பாடியைத் தொட்டுக்கிட்டு வருஷக்கணக்கா இருந்தா, ரப்பர்ல இருக்கிற எண்ணெய் மாதிரியான பொருள் வெளிய வந்து பிளாஸ்டிக்கை உருக்கிடும். டயர் வளைவுல உருகின பள்ளத்தோட எத்தனையோ கார்கள் விற்பனைக்கு வருது. காரை எடுத்து வைக்கும்போது டயருக்கும் பாடிக்கும் நடுவுல எதுவும் தொடாம பார்த்துக்கோங்க, கார் மொத்தமும் ஒரு சின்னக் கட்டை மேல உட்காரட்டும்.

டயர்னு சொன்னதும் ஜாகுவாருக்கு வர்றேன். பின் டயர் ரெண்டும் கல்லு மாதிரி காய்ஞ்சு வெடிச்சிருந்துச்சு. முன் டயர் ரெண்டும் ஒரிஜினலே இல்ல. சைக்கிள் ட்யூபை வளையமா வெட்டி, ரிம் மேல இழுத்து மாட்டியிருக்கு. எப்பவோ டயர் போனதும் இங்க எங்க கிடைக்கப் போகுதுன்னு அப்பா வெட்டி மாட்டியிருக்கார். ரெண்டும் ஒரே அகலம், கத்திரிக்கோல் விளிம்பு நேரா இருக்கு, டாக்டர் கை இல்லையா.

சுத்தமான ரெஸ்டோரேஷன்காரங்க இதைக் கழட்டிட்டு அதே மாதிரி டயர் வாங்கிப் போடுவாங்க. புதுசா செஞ்சது விக்குது. பின்னாடி அப்படி வாங்கித்தான் போட்டேன். ஏன்னா வண்டியைத் தள்ளுறது பின் சக்கரம்தான், வழுக்கினா ஓட்டவே முடியாது. பழையதைக் கவர்ல போட்டுக் கொடுத்துட்டேன். முன் சக்கரம் சும்மா உருளுறதுதான் வேலை, பிடிப்பு வேண்டாம். வளையம் லூஸா இல்ல, பாடியைத் தொடல. ட்யூப் ரப்பர் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

சரி பண்ணின மோட்டாரை உடனே முழு வோல்ட்டுல ஓட்டக் கூடாது. தூக்கி வெச்ச பிரஷ் திரும்ப கம்யூட்டேட்டரோட வளைவுக்குத் தேய்ஞ்சு உட்காரணும். 3 வோல்ட்டுல அஞ்சு நிமிஷம் ஓட்டி, அஞ்சு நிமிஷம் நிறுத்தி, இப்படி ஆறு தடவை. ஆரம்பத்துல ஊசலாடுன ஆம்பியர் முள் கடைசியில ஒரே இடத்துல நின்னுச்சு. பொறியும் அடங்கிடுச்சு. அப்புறம் 6, அப்புறம் 9. ட்ராக் பட்டைகள்ல இருந்த துருவைத் துணியால தேய்ச்சு எடுத்து, ஒரு வட்டம் போட்டு ஓட்டினேன். 9 வோல்ட்டே அந்த வீட்டுக் கூடத்துக்குப் போதும். 12க்கு நான் போகல.

அக்காகிட்ட வண்டியைக் கொடுக்கும்போது ஒரு சீட்டு எழுதி பெட்டி மூடிக்குள்ள ஒட்டினேன்: 9 வோல்ட், ரெண்டு நிமிஷம் ஓட்டினா ரெண்டு நிமிஷம் ஆற விடவும், பேரிங்குக்கு வருஷம் ஒரு சொட்டு, மோட்டாரை யாரும் கழட்ட வேண்டாம். கடைசி வரிக்கு அடியில ரெண்டு கோடு போட்டிருக்கேன்.